பிரிந்திருப்பதா? பிரித்துவிடுவதா?

 

நிகாஹ் மஜ்லிஸில் துஆ ஓதி, சர்க்கரை வழங்கி, ‘பாரக்கல்லாஹ்’ சொல்லி வாழ்த்திவிட்டு வருகிறோம். அந்த இல்லறத்தில் பிளவு வந்துவிட்டால் என்ன செய்வது என்று பேச மட்டும் கூசுகிறோம். பேசாமல் இருப்பதால் பிளவு மறைந்துவிடுவதில்லை. எனவே இம்மாதம் அதைப் பற்றியே பேசுவோம்.

சென்னை கே.கே. நகரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வசதி வாரியம் அமைத்த குடியிருப்புகள், ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை, ஒரு பக்கம் அசோக் நகர், மறு பக்கம் எம்.ஜி.ஆர். நகர், வடபழநி என்று நெருக்கமாக மக்கள் வாழும் பகுதி. அங்கோ அதைப் போன்ற வேறொரு மஹல்லாவிலோ இரண்டு அறை கொண்ட ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பெற்றோர், திருமணமாகாத ஒரு தம்பி, அவர்களோடு இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கணவன் வீட்டிலிருந்து வந்துவிட்ட ஒரு மகள். வந்து ஐந்து வருஷமாகிறது. கணவன் அழைத்துப் போகவில்லை, செலவுக்குக் கொடுக்கவில்லை, தலாக்கும் சொல்லவில்லை. “மகள் எப்படி இருக்கிறாள்?” என்று யாராவது கேட்டால் தாய் தலையைக் குனிந்துகொள்கிறார். இப்படி ஒரு வீடு இல்லாத மஹல்லா எது?

அந்தப் பெண் யார்? மனைவியா? மனைவிக்குரிய எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. தலாக் ஆனவளா? அதுவும் இல்லை, மறுமணத்துக்கு வழியில்லை. “கோர்ட்டில் சட்டப்படி பிரிந்திருக்க மனுப் போடலாமா, அல்லது ஒரேயடியாக முறித்துக்கொள்வதா?” என்பதே இத்தகைய வீடுகளில் எழும் கேள்வி. இதற்கு ஷரீஅத்தும் நாட்டுச் சட்டமும் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

சட்டப்படியான பிரிவினை என்பது என்ன?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் ‘நீதிமன்றப் பிரிவினை’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. திருமணம் முறியாது, ஆனால் கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ வேண்டும் என்ற கடமை மட்டும் நீதிமன்ற உத்தரவால் நிறுத்தி வைக்கப்படும். 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தில் கிறிஸ்தவர்களுக்கும், 1955ஆம் ஆண்டின் சட்டத்தில் இந்துக்களுக்கும், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தவர்களுக்கும் இந்த வழி உண்டு. அப்படிப் பிரிந்தவர்கள் மறுமணம் செய்ய முடியாது. ஒருவர் இறந்தால் மற்றவரின் நிலை என்ன என்பதை அந்தந்தச் சட்டம் சொல்லும்.

ஷரீஅத்படி நிகாஹ் செய்து வாழும் முஸ்லிம் தம்பதிகளுக்கு இப்படி ஓர் உத்தரவு வழங்க நம் நாட்டில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. முஸ்லிம் பெண்கள் நீதிமன்றம் செல்வதற்கென்று இயற்றப்பட்ட 1939ஆம் ஆண்டுச் சட்டம் நிகாஹை ரத்துச் செய்வதைப் பற்றியே பேசுகிறது. பாதியில் நிறுத்தி வைப்பதைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே, பக்கத்து வீட்டார் வாங்கினார்கள் என்பதற்காக அதே காகிதத்தைத் தேடி வக்கீலிடம் அலைவதில் பயனில்லை.

அப்படியானால் முஸ்லிம் பெண்ணுக்குத் தனித்து வாழும் உரிமையே இல்லையா? உண்டு. தக்க காரணத்தோடு தனித்து வாழும் மனைவி, கணவனிடம் ஜீவனாம்சம் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவாக இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அடிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவும், வாழ்ந்த வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்ற குடியிருப்பு உத்தரவும், செலவுக்குப் பணமும் கோரலாம். இவற்றைப் பெற நிகாஹை முறிக்க வேண்டியதில்லை. பெயரில் வேறானாலும், பிரிந்திருப்பதற்குத் தேவையான பாதுகாப்பு இதில் கிடைத்துவிடுகிறது.

ஷரீஅத் போட்ட தவணை

ஷரீஅத் பிரிந்திருப்பதை அடியோடு மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு காலக்கெடு வைத்தது. இதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

அறியாமைக் காலத்து அரபியர் மனைவியை நெருங்க மாட்டேன் என்று சத்தியம் செய்து, வருஷக்கணக்கில் அவளை அப்படியே விட்டுவிடுவார்கள். திருமறையின் பகரா அத்தியாயம் (2:226, 227) இதற்கு நான்கு மாதத் தவணை விதித்தது. அதற்குள் மனைவியிடம் திரும்ப வேண்டும். இல்லையேல் தலாக் என்ற முடிவுக்கு வர வேண்டும். நான்கு மாதம் கழிந்தாலே ஒரு தலாக் நிகழ்ந்துவிடும் என்பது ஹனபி மத்ஹபு. தவணை முடிந்ததும் கணவனை அழைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபு. விவரத்தில் வேறுபட்டாலும், காலவரையின்றி ஒரு பெண்ணைக் காக்க வைக்கக் கூடாது என்பதில் இரண்டு மத்ஹபுகளும் ஒன்றே.

அந்நிஸா அத்தியாயத்தின் 129ஆம் வசனம் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை உடையவர்களைப் பார்த்துப் பேசுகிறது. ஒருத்தியின் பக்கமே முழுதும் சாய்ந்து, மற்றவளை அந்தரத்தில் தொங்குபவளைப் போல் விட்டுவிடாதீர்கள் என்று அது தடுக்கிறது. தொங்குபவள் என்றால் யார்? கணவன் இருந்தும் இல்லாதவள். கட்டும் அவிழவில்லை, காப்பும் இல்லை. இரண்டு மனைவியர் இருக்கும்போதே கூடாத இந்த அநீதி, இருக்கும் ஒரே மனைவிக்கு மட்டும் எப்படி ஆகுமானதாகும்?

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்ததை அறிவோம். இரவில் நகர்வலம் வந்தபோது, போருக்குச் சென்ற கணவனை நினைத்து வருந்தும் ஒரு பெண்ணின் குரல் அவர்கள் காதில் விழுந்தது. தம் மகளார் ஹஜ்ரத் ஹப்ஸா (ரலி) அவர்களிடம், கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று விசாரித்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகளில் வருகிறது. அந்தக் கணக்கின்படியே வீரர்களை ஊர் திரும்பச் செய்ய ஏற்பாடு செய்தார்கள். ஒரு பேரரசின் கலீபா ஒரு பெண்ணின் தனிமையைக் கணக்கிட்டுப் படையின் தவணையை நிர்ணயித்தார்கள்! நாமோ ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று எண்ணிக்கொண்டு, “பொறுமையாக இரு, அல்லாஹ் போதுமானவன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறோம். பொறுமை அல்லாஹ்வுக்கு உகந்ததே. ஆனால் ஒருவர் செய்யும் அநியாயத்துக்கு மற்றவருடைய பொறுமை உரமாகிவிடக் கூடாது.

இத்தாவே இஸ்லாம் வகுத்த பிரிவினை

சற்று சிந்தித்தால், பிறர் நீதிமன்றத்தில் தேடும் பிரிவினையை அல்லாஹுத்தஆலா தலாக்கின் அமைப்புக்குள்ளேயே வைத்திருப்பது தெரியும்.

மனைவி மாதவிலக்கிலிருந்து தூய்மையாகி, அந்தத் தூய்மைக் காலத்தில் தாம்பத்திய உறவு கொள்ளாத நிலையில் கணவன் ஒரே ஒரு தலாக் சொல்கிறான். அத்துடன் நிறுத்திவிடுகிறான். அவள் இத்தா இருக்கிறாள்: ஹனபி மத்ஹபில் மூன்று மாதவிலக்கு, ஷாபிஈ மத்ஹபில் மூன்று தூய்மைக் காலம்; கர்ப்பிணியாக இருந்தால் பிரசவம் வரை. அந்தக் காலம் முழுதும் அவள் எங்கே இருக்க வேண்டும்? அதே வீட்டில்! அவளை வெளியேற்றவும் கூடாது, அவளாக வெளியேறவும் கூடாது என்று தலாக் அத்தியாயத்தின் முதல் வசனம் (65:1) கட்டளையிடுகிறது. இதற்குப் பின் அல்லாஹ் புதிதாக ஒரு வழியை உண்டாக்கக்கூடும் என்ற நம்பிக்கையையும் அதே வசனம் தருகிறது. அந்நாளில் உணவும் உடையும் கணவன் பொறுப்பு. இருவரில் ஒருவர் மௌத்தானால் மற்றவருக்கு வாரிசுரிமை உண்டு. மனம் மாறினால் புது நிகாஹ் இல்லாமலே மீட்டுக்கொள்ளலாம். இத்தா முடிந்த பிறகும் ஆசைப்பட்டால் புதிய மஹருடன் மறுபடி நிகாஹ் செய்துகொள்ளலாம்.

இதைவிடச் சிறந்த பிரிவினைச் சட்டம் எது? நிகாஹ் உடனே அறுந்துவிடுவதில்லை. சேர்வதற்குக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் அந்தக் கதவு என்றென்றும் பாதி திறந்தே கிடக்காது. குறித்த நாளில் திறக்கும் அல்லது மூடும்.

ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்கிறவன் இந்த நிஃமத்தைத் தன் கையாலேயே அழிக்கிறான். அது பாவம் என்பதை நான்கு மத்ஹபு உலமாக்களில் பெரும்பாலோர் சொல்லியே வந்திருக்கிறார்கள். 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதை மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. முறைப்படி சொல்லப்படும் ஒரு தலாக்கை அந்தச் சட்டம் தொடவில்லை. ஆனால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. சிறைக்கு அஞ்சி முத்தலாக் சொல்லாதவர், ஒரு தலாக்கும் சொல்லாமல் மனைவியைத் தாய் வீட்டில் தள்ளிவிட்டு வாளாவிருந்தால், சட்டத்திலிருந்து தப்பலாம். அல்லாஹ்வின் விசாரணையிலிருந்து தப்ப முடியுமா?

எப்போது பிரிந்திருப்பது நல்லது?

பிளவு தோன்றியவுடனே தலாக்கைத் தேடுவது முஃமினுக்கு அழகல்ல. கணவன் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் மனைவி குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் ஏற்படுத்தும்படி திருமறை (4:35) சொல்கிறது. நம் ஊர்களில் நடுவர் என்று வருபவர்கள் பலசமயம் நடுவராக இருப்பதில்லை. மாமா, மச்சான் கட்சிகட்டி வந்து பழைய சீர்வரிசைக் கணக்கைப் பிரித்து வைக்கிறார்கள். சமாதானத்தை நாடும் இருவர், அடக்கமாகப் பேசத் தெரிந்த இருவர் போதும்.

கணவனின் புறக்கணிப்பை மனைவி அஞ்சினால், இருவரும் தமக்குள் உடன்பாடு செய்துகொள்வதில் குற்றமில்லை, சமாதானமே மேல் என்று அந்நிஸாவின் 128ஆம் வசனம் வழிகாட்டுகிறது. கொஞ்ச காலம் தனித்திருப்பதும் இப்படிப்பட்ட உடன்பாடுகளில் ஒன்றாக இருக்கலாம். கோபக்காரக் கணவன், மாமியாரோடு ஒத்துப்போகாத மருமகள், கடன் தொல்லையால் எழுந்த சண்டை, குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தவர் என்று, காலம் கொடுத்தால் மாறக்கூடிய காரியங்களில் இது மருந்தாகும்.

வயதான தம்பதிகளுக்கு இது நிரந்தர ஏற்பாடாகவும் பொருந்தலாம். ஐம்பது, அறுபது வயதில் ஒரு பெண் மறுமணத்தை விரும்பவில்லை. ஒரே வீட்டில் இருக்கவும் முடியவில்லை. நிகாஹ் நிலைத்திருந்தால் கணவனுக்குப் பின் பிள்ளைகள் இருக்கையில் எட்டில் ஒரு பங்கும், பிள்ளைகள் இல்லையேல் நான்கில் ஒரு பங்கும் அவளுக்குச் சேரும். கணவன் அரசு ஊழியராயிருந்தால் குடும்ப ஓய்வூதிய உரிமையும் இருக்கும். தலாக் ஆகி இத்தாவும் முடிந்துவிட்டால் இவை போய்விடும். மனமார அவள் ஒப்புக்கொண்டு, செலவுக்கும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால், அப்படித் தனித்து வாழ்வதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் எந்த உடன்பாடும் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை மாதம், மாதாமாதம் எவ்வளவு பணம், பிள்ளைகளின் பள்ளிச் செலவு யாருடையது, தந்தை பிள்ளைகளை எந்த நாளில் பார்க்கலாம், நகையும் பாத்திரமும் யாரிடம், தவணை முடிந்ததும் எந்தத் தேதியில் இரு குடும்பமும் மறுபடி உட்காருவது என்று எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். கடனுக்கே எழுத்தும் சாட்சியும் வேண்டும் என்று திருமறையின் மிக நீண்ட வசனம் (2:282) கற்பிக்கிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கை கடன் பத்திரத்தைவிடத் தாழ்ந்ததா?

அடி, உதை, உயிருக்கு ஆபத்து என்று இருந்தால் நடுவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அன்றே பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும். இத்தா இருந்த பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தங்கியிருந்த இடம் பாதுகாப்பற்றதாக இருந்ததால், நபி பெருமானார் (ஸல்) அவர்கள் வேறிடம் மாற அனுமதித்தார்கள் என்று ஹஜ்ரத் ஆயிஷா (ரலி) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். இத்தாவின் கட்டளைக்கே இந்த விலக்கு உண்டென்றால், அடிபடும் பெண்ணுக்கு இல்லாமல் போகுமா? மகளிர் உதவிக்கென்று 181 என்ற தொலைபேசி எண் இருப்பதை வீட்டிலுள்ள எல்லாப் பெண்களும் அறிந்திருக்கட்டும்.

எப்போது பிரித்துவிடுவது நல்லது?

தவணை கழிந்தும் மாற்றமில்லை, செலவுக்குக் கொடுப்பதில்லை, அல்லது இருவர் மனமும் ஒட்டவே இல்லை. அப்போது நன்முறையில் வைத்துக்கொள்ளுதல் அல்லது நல்லவிதமாக விடுவித்தல் என்ற இரண்டே வழிகளைத் திருமறை (2:229) காட்டுகிறது. மூன்றாவது வழி இல்லை. துன்புறுத்துவதற்காகத் தடுத்து வைப்பவன் தனக்கே அநியாயம் செய்துகொள்கிறான் என்றும் எச்சரிக்கிறது (2:231). ஆகுமானவற்றில் அல்லாஹ்வின் வெறுப்புக்குரியது தலாக் என்ற கருத்தில் வரும் ஹதீஸை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் அறிவிப்பாளர் வரிசையில் முஹத்திஸ்களிடையே பேச்சு இருந்தாலும் கருத்து ஏற்கத்தக்கதே. ஆனால் வெறுக்கப்பட்டாலும் தலாக் ஆகுமானது. அநியாயமோ ஒருபோதும் ஆகுமானதல்ல. இதை மறக்கக் கூடாது.

கணவன் முறைப்படி தலாக் சொல்வது ஒரு வழி. இருவரும் சம்மதித்துப் பிரிவது ‘முபாரஅத்’. மனைவி மஹரைத் திருப்பிக் கொடுத்து விடுதலை பெறுவது ‘குலஉ’. ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவியார் நபி பெருமானாரிடம் வந்து, கணவரின் தீனிலோ குணத்திலோ குறை கூறவில்லை. ஆனாலும் அவரோடு வாழ்ந்தால் தம் கடமையில் தவறிவிடுவோமோ என்று அஞ்சினார்கள். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தருவாயா என்று பெருமானார் கேட்டார்கள். சம்மதித்ததும், தோட்டத்தைப் பெற்றுக்கொண்டு ஒரு தலாக் சொல்லும்படி கணவருக்குச் சொன்னார்கள். புகாரியில் உள்ள இந்தச் சம்பவத்தில், “உன் கணவன் நல்லவன்தானே, ஏன் பிரிகிறாய்?” என்று அந்தப் பெண்ணை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பரீரா (ரலி) அவர்களின் விஷயமும் அப்படியே. அடிமைத்தளையிலிருந்து விடுதலையானதும் கணவர் முகீஸைப் பிரிய விரும்பினார்கள். முகீஸ் மதீனாத் தெருக்களில் அழுதுகொண்டே பின்தொடர்ந்தார். மனமிரங்கிய பெருமானார் (ஸல்) அவர்கள் பரீராவிடம் பரிந்து பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்க, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் எனக்கு அவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார் பரீரா. பெருமானாரின் பரிந்துரையையே மறுக்க ஒரு பெண்ணுக்கு உரிமை இருந்தது. நம் ஜமாஅத் பஞ்சாயத்துகள் அதைவிடப் பெரியவையா?

கணவன் தலாக்கும் சொல்ல மாட்டேன், குலஉவுக்கும் சம்மதிக்க மாட்டேன் என்றால் ‘பஸ்கு’ என்ற வழி இருக்கிறது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. கணவன் காணாமல் போனாலோ கொடுமை செய்தாலோ நிகாஹை ரத்துச் செய்ய ஹனபி மத்ஹபில் வழி மிகக் குறுகலாக இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் முஸ்லிம் காஜி நீதிபதியும் இல்லை. தப்பிக்க வேறு வழியறியாத சில பெண்கள் இஸ்லாத்தை விட்டே வெளியேறினார்கள். மதம் மாறினால் நிகாஹ் முறிந்துவிடும் என்பதே காரணம். எத்தனை வேதனை! மௌலானா அஷ்ரப் அலி தானவி (ரஹ்) அவர்கள் இதைக் கண்டு வருந்தி, மாலிகி மத்ஹபு உலமாக்களிடம் பத்வா கேட்டு, அந்த மத்ஹபின்படி இப்பெண்களுக்கு விடுதலை தரலாம் என்று நூல் எழுதினார்கள். அதையொட்டி மத்தியச் சட்டசபையில் மசோதா வந்து, 1939இல் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் பிறந்தது. உலமாக்களின் கவலையிலிருந்து பிறந்த சட்டம் இது. இதன்படி கோர்ட்டுக்குப் போகும் பெண்ணை ‘மார்க்கத்தை விட்டுக் கோர்ட்டுக்குப் போனவள்’ என்று ஏசுவது அறியாமை.

அந்தச் சட்டப்படி, கணவன் நான்கு வருஷம் இருக்குமிடம் தெரியாமல் போனால், இரண்டு வருஷம் ஜீவனாம்சம் கொடுக்காவிட்டால், ஏழு வருஷமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றால், தக்க காரணமின்றி மூன்று வருஷம் இல்லறக் கடமையைச் செய்யாவிட்டால், கொடுமை செய்தால், மனைவியருக்கிடையே திருமறை சொல்லும் நீதியோடு நடக்காவிட்டால், இவற்றில் ஒன்று இருந்தாலே மனைவி ரத்துக் கேட்கலாம். வேறு சில காரணங்களும் சட்டத்தில் உண்டு. நாம் தொடக்கத்தில் நினைத்துப் பார்த்த ஐந்து வருஷப் பெண்ணுக்கு, இரண்டு வருஷக் கணக்கும் மூன்று வருஷக் கணக்கும் எப்போதோ தாண்டிவிட்டன!

எங்கே போவது?

சென்னையில் வாழ்வோர் ஒன்றை முக்கியமாக அறிய வேண்டும். 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் காஜிக்கு நீதிபதியின் அதிகாரம் எதையும் கொடுக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2017 ஜனவரியில், முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் வழக்கறிஞர் பதர் சயீத் தொடுத்த வழக்கில், காஜி தரும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்து மாத்திரமே என்று கூறி, அத்தகைய சான்றிதழ் வழங்க இடைக்காலத் தடை விதித்தது. 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம், குலஉ பெறும் உரிமை பெண்ணுக்கு உண்டு, ஆனால் தனியார் ஷரீஅத் கவுன்சில்கள் தரும் குலஉ சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்தையே நாட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

ஆகவே ஜமாஅத்திலும் ஆலிம்களிடமும் ஆலோசனை கேளுங்கள். மார்க்க முறையை அறிந்துகொள்ளுங்கள். சமாதானத்துக்கு அவர்களை அழையுங்கள். ஆனால் தலாக்கோ குலஉவோ முபாரஅத்தோ எதுவானாலும், குடும்ப நீதிமன்றத்தில் அதை உறுதிசெய்யும் உத்தரவையும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் லெட்டர்பேடில் எழுதிய காகிதத்தை நம்பி மறுமணம் செய்துகொண்டு, பிறகு பழைய கணவன் வழக்குத் தொடுத்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன? வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள் கலங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பாராமல் எந்தப் பெண்ணுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலாக் ஆன பெண்ணுக்கு மஹரும், திருமணத்தின் போதும் அதன் முன்பின்னும் அவளுக்குக் கொடுக்கப்பட்ட பொருள்களும், நியாயமான ஒரு தொகையும் சேர வேண்டும் என்பது 1986ஆம் ஆண்டுச் சட்டம். அந்தத் தொகை இத்தாக் காலச் செலவு மட்டுமல்ல, அவளுடைய பிற்கால வாழ்வுக்கும் போதுமானதாக இருக்க வேண்டும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தலாக் ஆன முஸ்லிம் பெண் பொதுச் சட்டப்படியும் ஜீவனாம்சம் கோரலாம் என்று 2024 ஜூலை 10 அன்று தீர்ப்பளித்தது. சட்டம் பிடுங்கித் தருவதற்கு முன்பே நாமாகக் கொடுத்துவிட்டால் எவ்வளவு கண்ணியம்! தலாக் பெற்ற பெண்களுக்கு நல்ல முறையில் வசதி செய்து கொடுப்பது இறையச்சமுள்ளவர்கள் மீது கடமை என்கிறது திருமறை (2:241). பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதைத் திரும்பப் பறிக்காதீர்கள் என்றும் தடுக்கிறது (4:20). மஹராக ஐந்நூற்று ஒரு ரூபாய் எழுதிவிட்டு, கைக்கூலியாக லட்சக்கணக்கில் வாங்கியவர், குலஉ கேட்கும் பெண்ணிடம் இன்னும் பேரம் பேசுகிறாரே, அவர் எந்த முகத்தோடு அல்லாஹ்வின் முன் நிற்பார்?

யார் யார் மீது என்ன கடமை?

கணவன்மார்களே! வைத்துக்கொள்வதானால் கண்ணியத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். விடுவதானால் ஒரு தலாக்கோடு, இரு சாட்சிகளோடு, அவளுக்குரியதை அவள் கையில் கொடுத்து விடுங்கள். பழிவாங்குவதற்காக ஒரு பெண்ணின் வயதைத் தின்றுவிடாதீர்கள். அவளுக்கு ஒரு வயது கூடும்போது மறுமணத்தின் ஒரு வாசல் மூடுகிறது. அந்தக் கணக்கும் உங்கள் ஏட்டில்தான் எழுதப்படும்.

சகோதரிகளே! கோபத்தில் முடிவெடுக்காதீர்கள், பயத்திலும் முடிவெடுக்காமல் இருந்துவிடாதீர்கள். இஸ்திகாரா தொழுங்கள். உங்களுக்கு நீங்களே ஒரு தவணை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கணவர் திருந்தினாரா, செலவுக்குக் கொடுத்தாரா, பிள்ளைகளைக் கேட்டு வந்தாரா என்று பாருங்கள். வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். வராவிட்டால் உங்களுக்காக அல்லாஹ் திறந்துவைத்த வாசலைத் தட்ட வெட்கப்படாதீர்கள். பிள்ளைகளைப் பறித்துவிடுவார்கள் என்ற பயமுறுத்தலுக்கும் அஞ்ச வேண்டாம். சிறு பிள்ளைகளை வளர்க்கும் முதல் உரிமை தாய்க்கே என்பது ஷரீஅத். பிள்ளையின் நலனையே முதலில் பார்ப்பது நீதிமன்றத்தின் வழக்கம்.

பெற்றோர்களே! மகள் திரும்பி வந்தால் அதை இழிவாக நினைக்காதீர்கள். “ஊர் என்ன சொல்லும்?” என்று அத்தாவும் உம்மாவும் கலங்குவது இயல்பே. ஆனால் ஊர் அரிசி வாங்கித் தருவதில்லை. அவளோடு இரவில் விழித்திருப்பதும் இல்லை. தலாக் பெற்ற பெண்களையும் விதவைகளையும் மணந்து வீட்டுக்கு அழைத்துக்கொண்டவர்களே நபி பெருமானாரும் அவர்களுடைய தோழர்களும். மறுமணத்தை இழிவென்று நமக்குக் கற்றுக்கொடுத்தது மார்க்கமல்ல.

முத்தவல்லிகளே, ஜமாஅத் நிர்வாகிகளே! உங்கள் மஹல்லாவில் இப்படித் தொங்கலில் நிற்கும் பெண்கள் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எடுங்கள். சந்தாப் புத்தகத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது; இந்தப் பெண்களுக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கணவர்களை அழைத்து, நான்கு மாதத் தவணை வைத்து, சேர்வதா விடுவதா என்று கேளுங்கள். கேட்காவிட்டால் நாளை மஹ்ஷரில் நாம் கேட்கப்படுவோம்.

பிரிந்திருப்பதா, பிரித்துவிடுவதா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. மாறக்கூடிய நோய்க்குத் தவணையோடு பிரிந்திருப்பது மருந்து. மாறாத நோய்க்கு நல்லவிதமாகப் பிரிவது மருந்து. தவணையும் இல்லாமல் முடிவும் இல்லாமல் விட்டுவைப்பது மட்டும் மருந்தல்ல, அது அநியாயம். அநியாயம் செய்யப்பட்டவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்பதை அஞ்சிக்கொள்வோம்.

யா அல்லாஹ்! பிளவுபட்ட உள்ளங்களை இணைத்து வைப்பாயாக! இணைய முடியாதவர்களைக் கண்ணியத்தோடு பிரித்து, ஒவ்வொருவரையும் உன் விசாலமான அருளால் தேவையற்றவராக்குவாயாக! தொங்கலில் நிற்கும் எங்கள் சகோதரிகளுக்கு ஒரு தரையைக் காட்டுவாயாக! அவர்களுக்காக எழுந்து நிற்க எங்களுக்குத் தவ்பீக் செய்வாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.